போலீஸ் கூட்டத்துக்கு யாரை அழைக்கிறோம்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் போலீஸ் சமாதானக் கூட்டம் போட்டால் முன்வரிசையில் யார் உட்காருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சமுதாயத் தலைவர், ஜமாஅத் நிர்வாகி, பங்குத்தந்தை, விசைப்படகுச் சங்கப் பொறுப்பாளர். இவர்கள் வரட்டும். ஆனால் ஊர் என்றால் இவர்கள்தான் என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. நாட்டுப்படகுக்காரர், பாசி எடுக்கும் பெண்கள், மனு கொடுத்து ரசீது கிடைக்காமல் திரும்பிய இளைஞர் ஆகியோருக்குத்தான் ஸ்டேஷனில் என்ன நடக்கிறது என்று தெரியும். சில நேரம் அவர்களுடைய புகாரே அந்த முன்வரிசை மீதுதான் இருக்கும்.

அடுத்தது, மக்களைப் போலீசுக்குக் கையாளாக்குவது. ரோந்து போன்ற வேலைகளில் போலீசுக்குத் துணை நிற்கும் தன்னார்வலர்களின் ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பு 1993-ல் இதே மாவட்டத்தில், அப்போதைய எஸ்.பி. பிரதீப் வி. பிலிப் முயற்சியில் தொடங்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த பிறகு அந்த அமைப்பின் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் தமிழக அரசு தடை விதித்தது. ரோந்துக்குத் துணை போவது வேறு, போலீசைக் கேள்வி கேட்பது வேறு. போலீஸ் சீர்திருத்தத்துக்குத் தேவை இரண்டாவதுதான்.

கேள்வி கேட்க இடமும் வேண்டும். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் ஆணையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது. தமிழகத்தின் 2013 சட்டமோ கலெக்டரைத் தலைவராக்கி, எஸ்.பி.யையும் உள்ளே உட்காரவைத்தது. எஸ்.பி.யின் ஆட்கள் மீது புகார் சொல்லப் போகிறவர் அங்கே எப்படி வாய் திறப்பார்?

பழைய காயத்தைப் பேசாதே என்று தடுப்பதும் தவறு. 1957 முதுகுளத்தூர் சாதிக் கலவரம், 2011-ல் பரமக்குடியில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச்சூடு இரண்டும் வீடுகளில் இன்றும் பேசப்படுகின்றன. கூட்டத்தில் மட்டும் நல்லிணக்கம் என்று முடித்துவிட்டால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். வடக்கு அயர்லாந்தில் போலீசைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட பேட்டன் ஆணையம் ஊர் ஊராகப் பொதுக்கூட்டம் நடத்தி கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என இரு தரப்பின் துயரத்தையும் கேட்ட பிறகுதான் 1999-ல் அறிக்கை தந்தது. 2001 முதல் பத்தாண்டு, புதிதாகச் சேரும் போலீசாரில் பாதிப்பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று விதியே இருந்தது.

அப்புறம் நேரம். இம்மானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11, தேவர் ஜெயந்தியான அக்டோபர் 30 நெருங்கும்போது தடை உத்தரவு போட்டுவிட்டு அவசரமாகக் கூட்டம் கூட்டினால், கூப்பிடுகிறவர் மீது யாருக்கு நம்பிக்கை வரும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். அப்போதே ஸ்டேஷனுக்கு வெளியே, ஏலக்கூடத்திலோ பள்ளிக்கூடத்திலோ தொடங்குங்கள். சொன்ன குறைகளை எழுதிவைத்து, போன முறை கொடுத்த மனு என்னவாயிற்று என்பதில் அடுத்த கூட்டத்தை ஆரம்பியுங்கள்.