தவக்காலம் துக்க காலமா? நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

தவக்காலம் என்றால் ஆண்டவரின் சாவுக்காக நாற்பது நாள் துக்கம் காப்பது என்றுதான் நம் பங்குக் கோவில்களில் பலர் நினைக்கிறார்கள். தலையில் பூ வைக்கக் கூடாது, தாடி எடுக்கக் கூடாது, வீட்டில் நல்ல காரியம் பேசக் கூடாது. பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட்டு அழுதுவிட்டால் எல்லாம் முடிந்தது. மற்ற தவறுகளில் பாதி இந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் கிளம்புகிறது.

ஆனால் இந்தக் காலத்தின் பார்வை உயிர்ப்புப் பெருவிழாவின் (ஈஸ்டர்) மேல் இருக்கிறது. தொடக்க காலத் திருச்சபையில் பாஸ்கா இரவில், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவில், திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறப்போகிறவர்கள் நோன்பிருந்து தங்களைத் தயாரித்தார்கள். ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். திருமுழுக்கை நினைவுகூர்வது, மனம் மாறுவது என்ற இரண்டும்தான் தவக்காலத்தின் தன்மை என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் சொன்னது. மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும் திருப்பலி வாசகங்களில் முதலாம் ஆண்டுக்கானவற்றைக் கவனியுங்கள்: மூன்றாம் ஞாயிறு சமாரியப் பெண், நான்காம் ஞாயிறு பிறவியிலேயே பார்வையற்றவர், ஐந்தாம் ஞாயிறு இலாசர். தண்ணீர், ஒளி, உயிர் என்று எல்லாமே திருமுழுக்கைப் பற்றியவை. பாஸ்கா இரவில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு, பாவத்தை விட்டுவிடுகிறீர்களா, கடவுளை நம்புகிறீர்களா என்ற கேள்விகளுக்கு "விட்டுவிடுகிறேன்", "நம்புகிறேன்" என்று பதில் சொல்கிறோமே, அதை அர்த்தத்தோடு சொல்வதற்குத்தான் இத்தனை நாள் தயாரிப்பு. நான் எதை விடப்போகிறேன் என்ற கேள்வியைத் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலேயே கேட்டுக்கொள்பவருக்கு மற்றதெல்லாம் தானாக ஒழுங்குபடும்.

சாப்பாட்டு விஷயத்தில் குழப்பம் அதிகம். சட்டம் எளிமையானது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு நாள்கள்: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் கொஞ்சமாக. அந்த இரண்டு நாள்களிலும் தவக்காலத்தின் எல்லா வெள்ளிகளிலும் இறைச்சி இல்லை. மீன் சாப்பிடத் தடையில்லை என்பதும் சரிதான். ஆனால் வெள்ளிக்கிழமை கோழியை விட்டுவிட்டு, அதைவிட விலை கூடிய வஞ்சிரத்தையும் இறாலையும் வாங்கி வறுத்தால் சட்டத்தை மீறவில்லை, தவமும் செய்யவில்லை. எளிமையாகச் சாப்பிடுவதுதான் நோக்கம். அதேபோல ஞாயிறு நோன்பு நாள் அல்ல. திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை எண்ணினால் 46 நாள், அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிட்டுவிட்டேனே என்று குற்ற உணர்ச்சியோடு வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய தவறு, நோன்பைச் சமையலறையோடு நிறுத்திக்கொள்வது. திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளி, சனி இரண்டு நாளும் இறைவாக்கினர் எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. நோன்பு நாளிலும் வேலையாள்களை வாட்டி வதைக்கிறீர்களே என்று அதில் கடவுள் கேட்கிறார். நம் வீடுகளில் இது எப்படி இருக்கும்? காலை ஆறு மணிக்கு அம்மா வெறும் வயிற்றோடு அடுப்பங்கரையில் நிற்பார். மகனுக்கு முட்டை தோசை, மாமனாருக்கு உப்பில்லாத பொங்கல், கணவருக்கு இறைச்சியில்லாத சுத்தபோசனச் சாப்பாடு. மூன்றையும் முடித்துப் பாத்திரத்தையும் கழுவிவிட்டு அவர் ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதைக்கு ஓட வேண்டும். குழம்பில் உப்புக் குறைந்தது என்று அவர்மேல் எரிந்து விழுபவரும் அன்று நோன்புதான் இருக்கிறார்! அந்த வெள்ளியன்று எல்லோரும் ஒரே கஞ்சியும் துவையலும் சாப்பிட்டு, அந்த வேலையையும் பகிர்ந்துகொண்டால் அது எசாயா சொல்லும் நோன்புக்கு ரொம்பப் பக்கம். வீட்டு வேலை செய்பவரின் சம்பளப் பாக்கியும், வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியும் இதில் சேர்த்திதான்.

மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். பங்கில் தரும் தவக்கால உண்டியலில் கடைசி வாரம் அவசரமாக ஒரு நோட்டைத் திணிப்பதற்குப் பதில், விட்டுக்கொடுத்த ஒவ்வொரு டீயின் காசையும் அன்றன்றே போடுங்கள். செபம், நோன்பு, இரக்கம் மூன்றும் ஒன்றையொன்று பிரிந்தால் உயிரில்லை என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே ராவென்னா ஆயர் புனித பேதுரு கிறிசோலோகு போதித்தார்.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பலோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. மறைவாய்ச் செய்யுங்கள் என்ற மத்தேயு 6ஆம் அதிகாரம் அன்றைய திருப்பலியில்தான் வாசிக்கப்படுகிறது.

சிலுவைப்பாதையில் கண்ணீர் வருவது நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் எட்டாம் நிலையில் ஆண்டவர் எருசலேம் மகளிரிடம், எனக்காக அழ வேண்டாம், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்கிறார். நாம் இரக்கப்படுவது அவர்மேல் மட்டும் என்றால் அந்த நிலையை வேகமாகக் கடந்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

அப்புறம், சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தைத் தவக்காலத்தின் கடைசி வாரமான புனித வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். அப்போது வரிசை கோவில் வாசல் வரை நிற்கும். பின்னால் நிற்பவர்களை நினைத்து நீங்களும் சுருக்குவீர்கள், சாமியாரும் சுருக்குவார். இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே போனால் உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம், மிச்ச நாள்களில் திருந்தி நடந்து பார்க்கவும் நேரம் இருக்கும்.

கடைசியாக, உடம்புக்கு முடியாதவர்கள் பிடிவாதம் பிடிப்பது. நோன்புச் சட்டம் 18 வயது நிறைந்தவர்களுக்கு, அதுவும் 59 நிறையும் வரைதான். இறைச்சி தவிர்ப்பது 14 நிறைந்தவர்களுக்கு. இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், நோயாளிகள் பட்டினி கிடக்க வேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. எழுபது வயதுப் பாட்டி மாத்திரையைத் தள்ளிவைத்து மயங்கி விழுவதைவிட, நேரத்துக்குச் சாப்பிட்டு, டிவி தொடரை அணைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து அன்றைய நற்செய்தியை வாசித்துக் காட்டலாம். அதுவும் தவக்கால முயற்சிதான்.