என்-400 அனுப்பியாகிவிட்டதா? ரசீது முதல் உறுதிமொழி வரை

அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 படிவத்தை எப்படி நிரப்புவது என்பது இங்கே வராது. பணம் கட்டி, படிவமும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் எழுதிய பதில்கள் அனுப்பிய நாளோடு முடிந்துபோவதில்லை, உறுதிமொழி எடுக்கும் நாள்வரை அவை சரியாக இருக்க வேண்டும். இடையில் வீடு மாறினாலும், ஊருக்குப் போய் வந்தாலும், போலீஸ் டிக்கெட் கொடுத்தாலும் அதைத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு.

1. ரசீது

முதலில் வருவது ஐ-797சி நோட்டீஸ். ஆன்லைனில் விண்ணப்பித்திருந்தால் கணக்கிலேயே தெரியும், காகிதத்தில் அனுப்பியிருந்தால் தபாலில் வரும். மூன்று எழுத்து, பத்து இலக்கம் கொண்ட ரசீது எண் அதில் இருக்கும். பெயர், பிறந்த தேதி, ஏ-நம்பர் (கிரீன் கார்டில் உள்ள உங்கள் குடிவரவுப் பதிவெண்) மூன்றையும் அன்றே சரிபாருங்கள்.

இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். 2022 டிசம்பர் 12 அன்றோ அதன் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்கு, கிரீன் கார்டின் காலாவதித் தேதியை இதே ரசீது 24 மாதம் நீட்டிக்கிறது. கார்டு காலாவதியாகியிருந்தால் பயணத்தின்போது இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

2. கைரேகை

கைரேகை, போட்டோ, கையெழுத்து. போய் வருவது சின்ன வேலை. நோட்டீஸும் கிரீன் கார்டும் கையில் இருந்தால் போதும். முன்பு எடுத்த பதிவையே பயன்படுத்திக்கொள்கிறோம் என்று நோட்டீஸ் வந்தால் போகவே வேண்டாம். நோட்டீஸில் குறித்த நாள் ஒத்துவராவிட்டால், நேரம் கடப்பதற்கு முன்பே ஆன்லைனில் தேதியை மாற்றுங்கள். சொல்லாமல் விட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

3. காத்திருப்பு

இந்தக் கட்டத்தில் பல வாரங்கள் எதுவும் அசையாது. அது இயல்புதான். ரசீது எண்ணைப் போட்டுப் பார்க்கும் பொதுப் பக்கத்தைவிட, யூ.எஸ்.சி.ஐ.எஸ். (குடியுரிமை விண்ணப்பங்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அலுவலகம்) இணையக் கணக்கையே நம்புங்கள், நோட்டீஸ்களின் நகல் அங்கே கிடைக்கும். அஞ்சல் துறையின் இன்ஃபார்ம்டு டெலிவரி சேவையிலும் பதிந்துகொள்ளுங்கள். அது இலவசம். அன்று வரவிருக்கும் கடித உறைகளின் படம் காலையிலேயே மின்னஞ்சலில் வந்துவிடும்.

வீடு மாறினால் பத்து நாளுக்குள் யூ.எஸ்.சி.ஐ.எஸ்.-க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அஞ்சலகத்தில் முகவரி மாற்றினால் அது யூ.எஸ்.சி.ஐ.எஸ். பதிவில் தானாக மாறாது. இரண்டு இடத்திலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். நேர்காணல் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய்விடுவது இதனால்தான்.

வெளிநாட்டுப் பயணத்துக்குத் தடை இல்லை. ஆனால் ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் தொடர் வசிப்பு முறிந்ததாகக் கருதுவார்கள், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். விண்ணப்பித்த பிறகு போகும் பயணத்துக்கும் இதே கணக்குதான். போன தேதி, திரும்பிய தேதி, நாடு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

4. நேர்காணல்

கொண்டுபோக வேண்டியவை: நோட்டீஸ், கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், பழையது புதியது என்று இருக்கிற எல்லாப் பாஸ்போர்ட்டும். அமெரிக்கக் குடிமகனை/குடிமகளைத் திருமணம் செய்து மூன்றாண்டு விதியில் விண்ணப்பித்தவர்கள் திருமணச் சான்றும், சேர்ந்து வாழ்வதற்கான ஆதாரமும் எடுத்துச் செல்ல வேண்டும். வரிக்கு, நீங்கள் தாக்கல் செய்த படிவத்தின் நகலைவிட ஐ.ஆர்.எஸ். எனும் வரித்துறை தரும் டிரான்ஸ்கிரிப்ட் (வரிப் பதிவின் சுருக்கம்) மேல். அதுவும் இலவசம். எப்போதாவது கைதாகியிருந்தால், வழக்கு தள்ளுபடியே ஆகியிருந்தாலும், நீதிமன்ற முத்திரையுள்ள தீர்ப்பு நகல் தேவை.

பலரும் குடிமையியல் (அமெரிக்க வரலாறு, அரசமைப்பு பற்றிய) கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். தடுக்குவது வேறு இடத்தில். அதிகாரி சத்தியம் வாங்கிக்கொண்டு என்-400-ஐ வரிவரியாகக் கேட்பார். ஆங்கிலம் பேசும் திறனை அளப்பதே அந்த உரையாடலில்தான். ‘எப்போதாவது இனப்படுகொலையில் பங்கெடுத்தீர்களா’, ‘யாரையாவது துன்புறுத்தினீர்களா’ என்று வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் ‘நோ’ சொல்லிக்கொண்டே வருபவரை நிறுத்தி, ‘இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்பது வழக்கம். டெரரிஸ்ட், ஜெனொசைட், பெர்செக்யூட், டோட்டாலிடேரியன், ஓத், அலீஜியன்ஸ் ஆகிய சொற்களுக்கு எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம் சொல்லிப் பழகுங்கள். புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கச் சொல்லலாம், தவறில்லை. தலையை மட்டும் ஆட்டாதீர்கள். நம் ‘ஆமாம்’ தலையாட்டல் அவர்களுக்கு ‘இல்லை’ போலத் தெரியும். வாயைத் திறந்து யெஸ், நோ என்றே சொல்லுங்கள்.

எந்தக் குடிமையியல் தேர்வு என்பதை நேர்காணல் தேதி முடிவு செய்வதில்லை, விண்ணப்பித்த தேதிதான் முடிவு செய்கிறது. 2025 அக்டோபர் 20-க்கு முன் விண்ணப்பித்திருந்தால் பழைய தேர்வு: 100 கேள்விகளிலிருந்து 10 கேட்பார்கள், 6 சரியாக இருக்க வேண்டும். அன்றோ அதன் பிறகோ என்றால் 128 கேள்விகளிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். வாசிப்பில் மூன்று வாக்கியத்தில் ஒன்று, எழுத்தில் மூன்றில் ஒன்று சரியாக வந்தால் போதும். ஆளுநர், செனட்டர் பெயர்களை முந்தின நாள் ஒருமுறை பாருங்கள், தேர்தலுக்குப் பின் பதில் மாறியிருக்கும்.

அப்பா அம்மாவுக்காகப் படிப்பவர்களுக்கு: விண்ணப்பித்தபோது வயது 50 ஆகி கிரீன் கார்டில் 20 ஆண்டு, அல்லது 55 ஆகி 15 ஆண்டு முடிந்திருந்தால் ஆங்கிலத் தேர்வு கிடையாது. குடிமையியலைத் தமிழிலேயே சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரை நீங்கள்தான் அழைத்துப்போக வேண்டும். 65 வயதும் 20 ஆண்டும் ஆனவர்கள் குறியிட்ட 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும்.

முடிவில், நேர்காணலின் முடிவைச் சொல்லும் என்-652 என்ற தாள் தருவார்கள். தேர்வில் தவறியிருந்தால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு உண்டு, தவறிய பகுதியை மட்டும் எழுதலாம். முடிவு சொல்லாமல் 120 நாள் கடந்தால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தை அணுகச் சட்டம் இடம் தருகிறது. நிராகரித்தால் 30 நாளுக்குள் என்-336 போட்டு மறுவிசாரணை கேட்கலாம்.

பெயர் விஷயம்

இது நம் ஆட்களுக்கென்றே எழுத வேண்டிய பகுதி. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருந்ததால், விசாவில் முதல் பெயர் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை) ஆகி, சொந்தப் பெயர் கடைசிப் பெயராகிப் போனவர்கள் ஏராளம். அப்பா பெயரால் அழைக்கப்பட்டே காலம் தள்ளுபவர்களும் உண்டு. இதைச் சரிசெய்ய நல்ல தருணம் இதுதான். படிவத்தில் பெயர் மாற்றம் கேட்காமல் விட்டிருந்தாலும், நேர்காணலில் அதிகாரியிடம் சொல்லிச் சேர்க்கலாம்.

பெயரை மாற்றும் அதிகாரம் யூ.எஸ்.சி.ஐ.எஸ்.-க்கு இல்லை, நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. அதனால் நீதிபதி முன் நடக்கும் உறுதிமொழி விழாவுக்குத்தான் உங்களை அனுப்புவார்கள், அதற்குக் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். காத்திருங்கள் என்றே சொல்வேன். பிறகு தனியாக மனுப்போட்டு மாற்றுவதற்கு ஆகும் செலவும் அலைச்சலும் அதைவிட அதிகம்.

5. உறுதிமொழி

அழைப்பு என்-445 படிவமாக வரும். நேர்காணலுக்குப் பிறகு நடந்தவற்றைக் கேட்கும் கேள்விகள் அதில் இருக்கும்: திருமணம், விவாகரத்து, வெளிநாட்டுப் பயணம், கைது, போலீஸ் டிக்கெட். வந்த அன்றே நிரப்பி வைக்காதீர்கள், விழா நாளன்று நிரப்புங்கள். நேர்காணலில் தேறிவிட்டாலும் உறுதிமொழி எடுக்கும்வரை நீங்கள் குடிமகன் அல்ல. அதற்குள் வாக்காளர் பதிவு செய்துவிட்டால் குடியுரிமையே சிக்கலாகிவிடும்.

கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருவார்கள். அரங்கை விட்டு வெளியே வரும் முன் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும், பிறந்த தேதியையும் பாருங்கள். அங்கேயே சொன்னால் திருத்த வழி உண்டு. வீட்டுக்கு வந்துவிட்டால் மாற்றுச் சான்றிதழ் கேட்கும் என்-565 போட்டு மறுபடி காத்திருக்க வேண்டும்.

விழாவுக்குப் பின் பயணம் போட்டவர்களுக்கு

கிரீன் கார்டு போய்விட்டது, அமெரிக்கப் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில் வெளிநாடு போக டிக்கெட் வாங்காதீர்கள். பாஸ்போர்ட்டுக்கு டி.எஸ்.-11 படிவத்தோடு அசல் சான்றிதழையே கொடுக்க வேண்டும், அது தனியாகத் திரும்பி வரும். கொடுக்கும் முன் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் காலம் இருந்தாலும் அதை வைத்து இனிப் பயணம் செய்யக் கூடாது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி உறுதிமொழி எடுத்ததுமே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. முதலில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்குங்கள், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விண்ணப்பத்துக்கு அந்தச் சான்று வேண்டும்.