பேரப்பிள்ளைகளோடு ரொட்டி சுடுவது

சனிக்கிழமை காலையில் பேரனுக்கும் (5 வயது) பேத்திக்கும் (3 வயது) வேலை கொடுக்காவிட்டால் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீடு தாங்காது. அதனால் ரொட்டி.

300 கிராம் ரொட்டி மாவு, ஒரு தேக்கரண்டி உடனடி ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, முக்கால் தேக்கரண்டி உப்பு. பெரியவன் அளக்கட்டும். சின்னவள் 190 மில்லி தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் ஊற்றட்டும். சிந்தும், துணி பக்கத்தில் இருக்கட்டும். நம் ஊர் குழாய்த் தண்ணீரைச் சூடாக்கத் தேவையில்லை.

ஆளுக்கொரு உருண்டை கொடுங்கள். பத்து நிமிடம் பிசைய வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் ஓடிவிடுவார்கள், மீதி உங்கள் தலையில். ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே போகாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து கல் சுட்டேன். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டால் போதும். பச்சை மாவு வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடி வையுங்கள். குளிர்நாட்டுக் குறிப்புகள் ஒன்றரை மணி நேரம் என்னும்; நம் வெக்கையில் 45 நிமிடத்திலேயே இரண்டு மடங்காகிவிடும். கடிகாரத்தைவிட விரல் நல்லது: குத்திய குழி அப்படியே நின்றால் சரி. குத்தும் உரிமை பேத்திக்கு மட்டும், இல்லையென்றால் சண்டை.

எட்டு உருண்டையாக்கி, இன்னும் அரை மணி நேரம் விட்டு, 190 டிகிரியில் 18 நிமிடம் சுடுங்கள். ஓவன் பக்கம் பாட்டி மட்டும்தான். ஆறியதும் காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்த ஜாம்) தடவிக் கொடுங்கள்.