நோயாளியின் அருகில் இறை இரக்கச் செபமாலை சொல்லும் முறை

வீட்டில் ஒருவர் நோயில் விழுந்ததும் "ஆண்டவரே, சுகம் தாரும்" என்று மன்றாடத் தொடங்குகிற நாம், சில நாள்களில் சொல் வற்றி மௌனமாகிவிடுகிறோம். திருகோணமலையில் என் தாயார் படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் எனக்கும் அதுவே நேர்ந்தது. அப்போது கைகொடுத்த இறை இரக்கச் செபமாலை, சுகத்தை அல்ல, இரக்கத்தையே முதலில் கேட்கிறது. கப்பர்நாகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட முடக்குவாதமுற்றவருக்கும் இயேசு பாவமன்னிப்பையே முதலில் அளித்தார். எழுந்து நடக்கச் சொன்னது அதன் பின்னரே.

போலந்து நாட்டுத் துறவி புனித பவுஸ்தினா 1935 செப்டம்பரில் வில்னியுஸ் நகரில் இச்செபத்தைப் பெற்றார் என்பது கத்தோலிக்க மரபு. 2000 ஏப்ரல் 30 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

செபத்தைத் தொடங்குமுன் நோயாளியின் விருப்பத்தைக் கேளுங்கள்; வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் இருந்தால், முதலில் சமாதானமாகுங்கள். வழமையான செபமாலையே போதும். கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே, விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றைத் தொடக்கத்தில் ஒவ்வொன்றாக ஒருமுறை சொன்னபின், ஒவ்வொரு பத்துமணிக்கும் (பத்துச் சிறிய மணிகள் கொண்ட தொகுதிக்கும்) முன்னுள்ள பெரிய மணியில், நம் பாவங்களுக்கும் உலகெல்லாவற்றின் பாவங்களுக்கும் பரிகாரமாக இயேசுவின் உடலையும் இரத்தத்தையும் ஆன்மாவையும் தெய்வீகத்தையும் தந்தைக்கு ஒப்புக்கொடுக்கும் மன்றாட்டைச் சொல்லுங்கள். சிறிய மணி ஒவ்வொன்றிலும் ஒருவர் இயேசுவின் துயரமிகு பாடுகளை நினைவுகூர, மற்றவர்கள் "எங்கள்மீதும் அகில உலகின்மீதும் இரக்கமாயிரும்" என்று பதிலளிக்கலாம். ஐந்து பத்துமணிகளும் முடிந்தபின் "தூய இறைவா" என்று தொடங்கும் மன்றாட்டை மும்முறை சொல்லி நிறைவு செய்யுங்கள். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட பிற்பகல் மூன்று மணி இச்செபத்துக்குச் சிறப்பான நேரமாயினும், நம் ஊர் வெயிலில் அயர்ந்து கண்மூடியிருக்கும் நோயாளியை அதற்காக எழுப்ப வேண்டாம். மாலையில் சொன்னாலும் தவறில்லை.

செபமாலை சொல்கிறோமே என்று குருவானவரை அழைப்பதைத் தள்ளிப்போடுவது பெரும் பிழை. யாக்கோபின் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் நோயாளிக்காகத் திருச்சபையின் மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசச் சொல்கிறது. ஆயினும் இந்த எண்ணெய் பூசுதலுக்கு இருந்த "அவஸ்தைப் பூசுதல்" (சாவு வேளைப் பூசுதல்) என்ற பழைய பெயர் பலருடைய மனத்தில் இன்னும் நிற்பதால், சுவாமி எண்ணெயோடு வந்தால் உயிர் போகப்போகிறது என்று நோயாளி அஞ்சுகிறார். இது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதன்று என்று கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இலேயே தெளிவாக்கியது. ஆகவே நோய் கடுமையானவுடனேயே பங்குத்தந்தைக்குச் சொல்லுங்கள். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார் என்று நோயாளிக்கு முன்கூட்டியே ஆறுதலாக விளக்குங்கள். பேச முடிகிற நிலையில் அவர் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யவும் வாய்ப்பளியுங்கள்.

மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். செபிக்கச் சொல்லும் விவிலியத்தின் சீராக் நூலின் 38ஆம் அதிகாரமே மருத்துவரை மதிக்கவும் சொல்கிறது. குணமாகவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்று நோயாளியிடம் சொல்வது கொடுமை; அப்படிச் சொல்பவரைப் படுக்கையருகே அனுமதிக்காதீர்கள்.

களைப்பு மிகும் நாள்களில் முழுச் செபமாலையையும் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வாரங்களில் என் தாயாரால் "இரக்கமாயிரும்" என்ற சொல்லுக்கு மட்டுமே உதடசைக்க முடிந்தது. மணியைப் பிடித்தபடியே அவர் உறங்கிவிடுவார். விரல் நின்ற மணியிலிருந்து மறுநாள் நாங்கள் தொடர்வோம்.