எந்த மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது? தாமரை இலையை வைத்து ஒரு விளக்கம்

சாம்பிளோடு வரும் மாணவர்களிடம் நான் கேட்பது இரண்டே கேள்வி. பார்க்க வேண்டியது எவ்வளவு சின்னது? அது உயிரோடு இருந்தாக வேண்டுமா? எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் அறை என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் பலரை ஒளி மைக்ரோஸ்கோப்புக்குத்தான் அனுப்புகிறேன். உயிருள்ள செல் நகர்வதையும் பச்சை நிறத்தையும் காட்ட அதுதான் வழி.

200 நானோமீட்டர் என்ற எண்ணை மனதில் வையுங்கள் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். 200-ஐவிட நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைச் சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப் ஒன்றாகத்தான் காட்டும். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே இந்த எல்லையை விளக்கிவிட்டார். அதற்குமேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். 20 கிலோவோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளமோ 0.01 நானோமீட்டருக்கும் குறைவு, அதனால் இன்னும் சின்னதையும் பிரித்துக் காட்டும். எலக்ட்ரான்களைக் குவிப்பது கண்ணாடி லென்ஸ் அல்ல, மின்காந்தச் சுருள்.

தாமரை இலையை இரண்டிலும் பாருங்கள், வித்தியாசம் தானாகப் புரியும்.

முதலில் ஒளி. பிளேடால் மெல்லிய குறுக்குவெட்டு எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர் ஸ்லிப் மூடுங்கள். இலைமேல் காற்று ஒட்டிக்கொண்டு கறுப்பாகத் தெரிந்தால் தண்ணீரில் துளி சோப்புக் கரைசல் சேருங்கள். 40 மடங்கு லென்ஸில் பசுங்கணிகங்களும், மேற்பரப்பில் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள மேடுகளும் தெரியும். ஆனால் தண்ணீரை உருண்டோட வைக்கும் மெழுகுக் குழல்கள் தெரியாது. அவற்றின் தடிமன் 100 நானோமீட்டர் அளவுதான்.

அதற்குத்தான் எலக்ட்ரான் கற்றையால் மேற்பரப்பை வருடிப் படமெடுக்கும் ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். உள்ளே வெற்றிடம் என்பதால் சாம்பிள் காய்ந்திருக்க வேண்டும். மென்மையான திசுவென்றால் குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் பதப்படுத்தி, எத்தனாலில் படிப்படியாக நீர் நீக்குவோம். தாமரை இலைக்கு அது கூடவே கூடாது! எத்தனாலும் அசிட்டோனும் பார்க்க வேண்டிய மெழுகையே கரைத்துவிடும். 5 மில்லிமீட்டர் துண்டை ஓரத்தில் மட்டும் ஃபோர்செப்ஸால் பிடித்து, காற்றில் உலரவிடுங்கள். மேடுகள் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை. கார்பன் டேப்பில் ஸ்டப்மேல் (சாம்பிளைத் தாங்கும் சின்ன உலோகத் தட்டு) ஒட்டி, 10 நானோமீட்டர் போலத் தங்கம் பூசுங்கள். பூச்சு போதாவிட்டால் மின்னூட்டம் தேங்கி, படத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடும். எலக்ட்ரானை முடுக்க இங்கே 5 கிலோவோல்ட் போதும். ஒரே இடத்தில் கற்றையை நிறுத்தி வைக்காதீர்கள், மெழுகு உருகும். படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். புத்தகங்களில் காணும் வண்ணங்கள் பிறகு சேர்த்தவை.

செல்லுக்குள்ளே பார்க்க வேண்டுமென்றால், எலக்ட்ரான்களைச் சாம்பிளுக்குள் ஊடுருவ விட்டுப் படமெடுக்கும் டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். 100 நானோமீட்டருக்கும் மெல்லிய வெட்டுகள் வேண்டும், யுரேனியம், ஈயம் போன்ற கன உலோகச் சாயம் ஏற்ற வேண்டும். பயிற்சி பெற்றவர் துணையில்லாமல் இறங்காதீர்கள்.

எந்தக் கருவியானாலும், சேமிக்கும் முன் படத்தில் அளவுகோடு (உண்மையான நீளத்தைக் காட்டும் சின்னக் கோடு) இருக்கிறதா என்று பாருங்கள். 'பத்தாயிரம் மடங்கு' என்று மட்டும் எழுதினால், திரையில் பெரிதாக்கியதும் அந்த எண் பொய்யாகிவிடும்.