தூரத்தில் இருப்பவரின் போனுக்கும் விஆர் ஹெட்செட்டுக்கும் நேரலையில் உதவுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

போனில் ஏதோ செட்டிங் மாறிவிட்டது, ஹெட்செட்டை மாட்டினால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று வேறு ஊரிலிருந்து ஒருவர் அழைக்கிறார். வாய்வார்த்தையாகவே சரிசெய்யப் பார்த்தால் "எந்த பட்டன்?", "அது எங்கே இருக்கு?" என்பதிலேயே பாதி நேரம் கரைந்துவிடும். அவருடைய திரையை நீங்களும் பார்க்க வழி செய்வதுதான் முதல் வேலை. திரையில் தெரியாத கோளாறுகளும் உண்டு. அவற்றைச் சரியான கேள்வி கேட்டுத்தான் பிடிக்க முடியும், ஹெட்செட்டில் அப்படிப்பட்டவை நிறைய. இங்கே ஆண்ட்ராய்டு போன், ஐபோன், மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் விஆர் (கண்ணை மூடி மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகைப் பார்க்கும்) ஹெட்செட் மூன்றையும் பார்ப்போம்.

படி 1: பேச்சுக்குத் தனி வழி

திரை ஒரு வழியில் வரட்டும், பேச்சு இன்னொரு வழியில் வரட்டும். திரைப் பகிர்வு அறுந்தாலும் குரல் இருந்தால் மீண்டும் இணைத்துவிடலாம். முடிந்தால் வீட்டில் உள்ள இன்னொருவரின் போனிலிருந்து பேசச் சொல்லுங்கள்.

ஒரே போன்தான் இருக்கிறது என்றால் அவர் வைஃபையில் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். மொபைல் டேட்டாவில் இருந்தால் இரண்டு சிக்கல்கள் வரும். வோல்ட்இ (4ஜி வழியாகவே குரல் அழைப்பு போகும் வசதி) இல்லாத இணைப்பில் சாதாரண அழைப்பு தொடங்கியதும் டேட்டா நின்றுவிடலாம். இரண்டு சிம் போட்ட போனில், டேட்டா ஒரு சிம்மிலும் அழைப்பு இன்னொன்றிலும் இருந்தாலும் அதே கதிதான். "திடீர்னு கட் ஆயிடுச்சு" என்று வரும் புகார்களில் இதை முதலில் சோதியுங்கள். அழைப்பின்போது டேட்டாவைத் தற்காலிகமாக மாற்றும் வசதி சில போன்களின் சிம் செட்டிங்கில் இருக்கும். இல்லாவிட்டால் டேட்டா உள்ள சிம்முக்கே அழையுங்கள்.

படி 2: ஆண்ட்ராய்டு போன்

தூரத்திலிருந்து திரையைப் பார்க்க உதவும் டீம்வியூவர் குயிக்சப்போர்ட் செயலியை எடுத்துக்கொள்வோம். எனிடெஸ்க் செயலியும் ஏறக்குறைய இதே முறைதான்.

1. செயலியை பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவச் சொல்லுங்கள். ஏபிகே கோப்பை (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து நிறுவிய செயலிக்கு அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) அனுமதி, அதாவது திரையைப் படித்துத் தொட்டு இயக்கும் அனுமதி, எளிதில் கிடைக்காது, செட்டிங்கில் அந்த வரி தொட முடியாதபடி மங்கலாகவே நிற்கும்.
2. செயலியைத் திறந்தால் ஒரு எண் தெரியும். அதை அவர் படிக்க, நீங்கள் உங்கள் கணினியில் உள்ள டீம்வியூவரில் இட்டு இணையுங்கள்.
3. அவர் போனில் அனுமதி கேட்கும். ஆண்ட்ராய்டு 14 முதல் "ஒரு செயலி மட்டும்", "முழுத் திரை" என்று இரண்டு தேர்வுகள் வரலாம். முழுத் திரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதைத் தொட்டுவிட்டால், அவர் செட்டிங்ஸுக்குப் போனதும் உங்களுக்கு எதுவும் தெரியாது.
4. பார்ப்பது மட்டும் போதாது, நீங்களே தொட்டு இயக்க வேண்டும் என்றால் கூடுதல் துணைச் செயலியும் அணுகல்தன்மை அனுமதியும் தேவை. பெரும்பாலான வேலைகளுக்கு இது வேண்டாம். நீங்கள் சொல்ல, அவரே தொட்டால் அடுத்த முறை உங்களை அழைக்காமலே செய்துகொள்வார்.

ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் பின்னணியில் ஓடும் செயலியை பேட்டரிச் சேமிப்பு நிறுத்திவிடுவதுண்டு. சில நிமிடங்களில் இணைப்பு தானாக அறுந்தால், அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பில் "கட்டுப்பாடு இல்லை" என்று மாற்றச் சொல்லுங்கள். திரை அணையும் நேரத்தையும் 10 நிமிடமாக்கிவிடுங்கள்.

வங்கிச் செயலியைத் திறந்ததும் உங்கள் பக்கம் திரை கறுத்துப் போகும். அது பழுது இல்லை, அந்தச் செயலியே படம் பிடிப்பதைத் தடுக்கிறது. தடுக்கட்டும். வங்கி, யுபிஐ வேலை எதையும் பகிர்வு ஓடும்போது செய்யவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனிடெஸ்க் வழியாகப் பணம் திருடுவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. முன்பின் தெரியாதவர் அழைத்து இப்படிப்பட்ட செயலியை நிறுவச் சொன்னால் துண்டித்துவிட வேண்டும், பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். உதவி செய்கிறவர்தான் இதைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

படி 3: ஐபோன்

இத்தகைய செயலிகளால் ஐபோன் திரையைப் பார்க்க மட்டுமே முடியும், தொட்டு இயக்க ஆப்பிள் விடுவதில்லை. இருவரிடமும் ஐபோன் இருந்தால் ஃபேஸ்டைம் போதும். திரைப் பகிர்வு ஐஓஎஸ் 15.1 முதல் இருக்கிறது. இருபக்கமும் ஐஓஎஸ் 18 இருந்தால் திரையில் கோடு போட்டுக் காட்டலாம், இயக்க அனுமதியும் கேட்கலாம். உங்களிடம் ஆண்ட்ராய்டு இருந்தால் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பின் திரைப் பகிர்வு போதுமானது.

படி 4: குவெஸ்ட் ஹெட்செட்

இங்கே அவர் கண் மறைந்திருக்கிறது. போனைப் பார்க்க மாட்டார், சுவரும் நாற்காலியும் தெரியாமல் போகலாம். அதனால் முதலில் உட்காரச் சொல்லி, நிலையான எல்லையை (ஒரே இடத்தில் இருந்தபடி பயன்படுத்தும் பாதுகாப்பு வட்டம்) தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தலை சுற்றினால் உடனே கழற்றிவிட வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தால் போதும், குவெஸ்ட்டின் ஒலிபெருக்கி காதை மூடாது என்பதால் நீங்கள் பேசுவது கேட்கும்.

அவரிடம் கணினி இருந்தால் இதுதான் சுலபமான வழி:

1. கணினியில் குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் மெட்டாவின் காஸ்டிங் (ஹெட்செட்டில் தெரிவதை வேறு திரையில் காட்டும்) பக்கத்தைத் திறந்து, ஹெட்செட்டில் உள்ள அதே கணக்கில் நுழையட்டும்.
2. ஹெட்செட்டில் மெட்டா பட்டனை அழுத்தி, கேமரா பகுதிக்குப் போய், "காஸ்ட்" கொடுத்து, கணினியைத் தேர்ந்தெடுக்கட்டும். புதுப்பிப்புகளில் இந்த மெனு இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே "மூன்றாவது ஐகான்" என்று சொல்லாதீர்கள், பெயரைச் சொல்லுங்கள்.
3. கணினியில் கூகுள் மீட் திறந்து அந்த உலாவித் தாவலை மட்டும் உங்களுக்குப் பகிரட்டும்.
4. முடிந்தால் ஒரு போனை வீடியோ அழைப்பில் அவரை நோக்கி நிறுத்தி வையுங்கள். எந்தக் கை கண்ட்ரோலர் (கையில் பிடித்து இயக்கும் கருவி) எந்தப் பக்கம் இருக்கிறது என்பது இதில்தான் தெரியும்.

கணினி இல்லையென்றால் மெட்டா ஹொரைசன் செயலி வழியாகப் போனுக்கு காஸ்ட் செய்து, அந்தப் போன் திரையை மேலே சொன்னபடி பகிரலாம். ஹெட்செட்டும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஹாஸ்டல், அலுவலகம் போன்ற இடங்களில் ஒரே வைஃபையில் இருந்தும் கிடைக்காமல் போகும். சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் அந்த நெட்வொர்க்கே தடுத்து வைத்திருப்பதுதான் காரணம். இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைத்துப் பாருங்கள்.

படம் உங்களிடம் சற்றுத் தாமதமாகத்தான் வரும். "இப்ப அழுத்துங்க" என்பது அவரிடம் போய்ச் சேரும்போது மெனு நகர்ந்திருக்கும். இப்படிப் பேசுங்கள்: "சார், கையை அப்படியே வச்சுக்குங்க. வலது கண்ட்ரோலர்ல சின்னதா உள்ளே அமுங்கின மாதிரி, மெட்டா சின்னம் போட்ட பட்டன் இருக்கும். கட்டைவிரலால தடவிப் பாருங்க. கிடைச்சுதா? அதை விடாம அழுத்திப் பிடிங்க." மெனு முகத்துக்கு நேராக வந்துவிடும். பாதிப் புகார்கள் இந்த ஒன்றிலேயே தீரும். "மெனு காணோம்" என்றால் பெரும்பாலும் அது அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது.

காஸ்டில் தெரியாத கோளாறுகள்

மங்கல் உங்களுக்குத் தெரியவே தெரியாது. காஸ்ட் படம் லென்ஸைத் தாண்டி வருவதில்லை, அவருக்கு மங்கலாக இருந்தாலும் உங்களுக்குத் தெளிவாகத்தான் தெரியும். "உங்களுக்கு எழுத்து கூர்மையா தெரியுதா?" என்று கேட்டே ஆக வேண்டும். இல்லை என்றால் பட்டையைத் தளர்த்தி, ஹெட்செட்டை முகத்தில் மெல்ல மேலும் கீழும் நகர்த்தி, தெளிவான இடத்தில் நிறுத்தி இறுக்கச் சொல்லுங்கள். பிறகு கண் இடைவெளி, அதாவது இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்துக்கு ஏற்ப லென்ஸை வைப்பது. குவெஸ்ட் 2-இல் லென்ஸைக் கையால் தள்ளி 58, 63, 68 மில்லிமீட்டர் என்ற மூன்று நிலைகளில் ஒன்றில் வைக்க வேண்டும். குவெஸ்ட் 3-இல் கீழ்ப்புறம் ஒரு திருகுச் சக்கரம் உண்டு. லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடைக்கலாம். ஜன்னலோரம் வெயிலில் வைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், லென்ஸ் வழியே குவியும் வெயில் திரையைப் பொசுக்கிவிடும்.

கை நடுங்குவதுபோல் கண்ட்ரோலர் ஆடினால் முதலில் ஏஏ பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள், அடுத்து அறையின் வெளிச்சத்தைக் கேளுங்கள். இருட்டு, பெரிய கண்ணாடி, நேர் வெயில் மூன்றும் கேமராக்களைக் குழப்பும். செட்டிங்கில் டிராக்கிங் அதிர்வெண் என்று இருந்தால், இந்தியாவில் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், நம் மின்சாரத்தின் அதிர்வெண் அதுதான், விளக்குகள் அதை ஒட்டியே சிமிட்டும்.

காஸ்ட் திடீரென்று நின்றால் அவர் ஹெட்செட்டைக் கழற்றியிருப்பார். லென்ஸ்களுக்கு நடுவில் உள்ள உணரி, முகம் விலகியதும் திரையை அணைத்துவிடும்.

திரையே வரவில்லை என்றால் அரைமணி நேரம் சார்ஜில் போட்டுவிட்டு, பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பார்க்கட்டும். அதற்கும் மசியாவிட்டால், அணைத்த நிலையில் பவரையும் ஒலியளவைக் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் தொடக்க மெனு வரும். அதில் "ஃபேக்டரி ரீசெட்" இருக்கும், தொட்டால் ஹெட்செட்டில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். அவர் தயாராக இருந்தால் ஒழிய அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படி 5: அடிக்கடி உதவ வேண்டியிருந்தால்

அவர் கணினியில் மெட்டா குவெஸ்ட் டெவலப்பர் ஹப்பை (கணினியிலிருந்தே ஹெட்செட்டை நிர்வகிக்கும் மென்பொருள்) நிறுவி, நீங்கள் அந்தக் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கலாம். செயலி நிறுவுவது, திரையைப் பார்ப்பது, முக உணரியை நிறுத்தி வைப்பது எல்லாம் அங்கிருந்தே ஆகும். இதற்கு மெட்டாவில் சரிபார்க்கப்பட்ட டெவலப்பர் கணக்கும், ஹொரைசன் செயலியில் டெவலப்பர் மோடும் வேண்டும். கேபிள் டேட்டா கேபிளாக இருக்கட்டும், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் ஹெட்செட் தெரியாது. கேபிளைச் செருகியதும் அனுமதிக் கேள்வி கணினியில் வராது, ஹெட்செட்டுக்குள் வரும். மாட்டிப் பார்த்து "எப்போதும் அனுமதி" கொடுக்க வேண்டும்.

படி 6: வேலை முடிந்ததும்

இணைப்பை அவர் கையாலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். பின்னர் அணுகல்தன்மை அனுமதியை நிறுத்தி, இனித் தேவையில்லை என்றால் செயலியையும் நீக்கட்டும். முக உணரியை நிறுத்தி வைத்திருந்தால் மறக்காமல் திரும்ப இயக்குங்கள், இல்லாவிட்டால் இரவெல்லாம் திரை எரிந்து காலையில் பேட்டரி காலியாகிவிடும். டெவலப்பர் மோடை அணையுங்கள். காஸ்டிங்குக்காகப் பொதுக் கணினியில் மெட்டா கணக்கைத் திறந்திருந்தால் அதிலிருந்து வெளியேறச் சொல்லிவிட்டு அழைப்பை முடியுங்கள்.