ஏலரிசி ஆய்வில் சினியோலைப் பார்த்ததும் முடிவு கட்டாதீர்கள்

கூடலூர், பந்தலூர் பக்கம் ஏலக்காய் வாங்கி, அதன் விதையில் (ஏலரிசியில்) என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் ரிசல்ட்டைக் கையில் வாங்கியதும் முதலில் சொல்வது "சினியோல் வந்துடுச்சு" என்பதுதான், ஏல வாசனையெண்ணெயின் முக்கியப் பொருள்களில் ஒன்று அது. நீலகிரியில் இருந்துகொண்டு அதை மட்டும் நம்பக்கூடாது. நம் ஊர் யூகலிப்டஸ் தைலத்திலும் முக்கியமான பொருள் அதே 1,8-சினியோல்தானே. தைலம் காய்ச்சிய கலனைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே ஏலரிசியைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆவியில் எண்ணெயை வடித்தால் சினியோல் அளவு ஏறித்தான் வரும், அது எதிலிருந்து வந்தது என்று எந்த மெஷினும் சொல்லாது. முதலில் வெறும் தண்ணீரை மட்டும் வடித்து, அதில் தைல வாசனை இருக்கிறதா என்று பாருங்கள்.

சினியோலுக்குப் பக்கத்தில் ஆல்பா-டெர்பினைல் அசிட்டேட் நல்ல அளவில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். சிற்றேலத்தின் (நாம் வழக்கமாக வாங்கும் பச்சை ஏலக்காய்) எண்ணெயில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான். பேரேலத்தில் (பெரிய கறுப்பு ஏலக்காய்) சினியோல் நிறைய இருக்கும், இந்த அசிட்டேட் மிகக் குறைவு.

அந்த அசிட்டேட்டை நாமே கெடுத்துவிடவும் முடியும். இன்னும் கொஞ்சம் எண்ணெய் வரட்டும் என்று மணிக்கணக்கில் கொதிக்க விட்டால் அது தண்ணீரோடு சேர்ந்து உடைந்து டெர்பினியோலாக மாறும், அப்புறம் "இந்த ரகத்தில் டெர்பினியோல் அதிகம்" என்று எழுதிவிடுவோம், ஆனால் அது ரகத்தின் குணம் இல்லை, அடுப்பின் வேலை. எத்தனை மணி நேரம் வடித்தீர்கள் என்பதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

தோலோடு அரைக்காதீர்கள். எண்ணெய் ஏலரிசியில்தான் இருக்கிறது, தோலில் பெயருக்குத்தான். அரைத்த பொடியை ஒரு வாரம் வைத்திருந்து ஆய்வு செய்வதும் வீண், லேசான பொருள்கள் முதலில் பறந்துவிடும்.

இனி ஜி.சி.-எம்.எஸ்., அதாவது எண்ணெயிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உடைத்து அந்தத் துண்டுகளின் நிறையைக் காட்டும் மெஷின். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். லைப்ரரி (தெரிந்த பொருள்களின் துண்டு நிறைப் பதிவுகளான நிறமாலைகளின் தொகுப்பு) 95 சதவீதம் பொருந்துகிறது என்று காட்டியதும் பெயரை அப்படியே டேபிளில் ஏற்றிவிடுகிறார்கள். சபினீன், ஆல்பா-பைனீன், பீட்டா-பைனீன் மூன்றுக்கும் மூலக்கூறு நிறை 136, மூன்றிலும் 93 என்ற துண்டுதான் உயரமாக நிற்கும், பிறகு லைப்ரரி எதை வைத்துப் பிரிக்கும்? டெர்பினைல் அசிட்டேட்டின் நிறை 196, ஆனால் அந்தக் கோடு பெரும்பாலும் தெரியாது, 60 நிறையுள்ள அசிட்டிக் அமிலம் கழன்றுபோய் மிச்சம் 136தான் தெரியும். அதனால் ஆல்கேன் வரிசையை (கார்பன் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடும் ஹைட்ரோகார்பன்கள்) மெஷினின் அதே பிரிப்புக் குழாயில் (column), அதே வெப்பநிலை நிரலில் ஓட்டி, ஒவ்வொரு பீக்குக்கும் (பதிவில் ஒரு பொருளைக் காட்டும் மேடு) ரிட்டென்ஷன் இண்டெக்ஸ், அதாவது அது வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், கணக்கிட்டு, நிறமாலை, இண்டெக்ஸ் இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் பெயர் வையுங்கள். முடிந்தால் சுத்தமான சினியோலை வாங்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அதைவிட உறுதியான சாட்சி கிடையாது.

பீக்கின் பரப்பு சதவீதத்தை "ஒரு கிராம் விதையில் இவ்வளவு" என்று எழுதுவதும் தவறு. எண்ணெயில் பாலிஃபீனால் தெரியவில்லை என்பதால் விதையிலேயே இல்லை என்று சொல்லவும் முடியாது, ஆவியில் ஏறாத பொருள் அந்த எண்ணெய்க்குள் எப்படி வரும்?

எனக்கு மனம் நோகும் விஷயம் ஒன்று: தாலேட் (பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள்) என்று முடியும் பெயர்களை "மருத்துவக் குணமுள்ள தாவரப் பொருள்" என்று எழுதுவது. 149 என்ற துண்டு உயர்ந்து நின்றால் முதலில் உங்கள் பிளாஸ்டிக் பாட்டிலையும் டியூபையும் சந்தேகப்படுங்கள். கண்ணாடிக் குப்பியில் வெறும் கரைப்பானை மட்டும் எடுத்து, சாம்பிள் போன அதே வழியில் முழுக்க ஓட்டிப் பாருங்கள், அதிலும் வருகிற பீக்கை டேபிளில் இருந்து அடித்துவிடலாம்.